காதில் அடைப்பும் இரைச்சலும்

ஒரு காது மட்டும் அவ்வப்போது அடைத்துக்கொள்ளும்; உள்ளே இரைச்சல் எழும்; தலையும் சுற்றும். முற்காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் இதனை மூளையில் குருதி தேங்குவதால் வரும் நோய் எனக் கருதி, நோயாளியின் குருதியை வெளியேற்றினர். காதுக்கு வந்த கேட்டிற்கு என்னே மருத்துவம்! பாரிசு நகரில் காது கேளாதோர் பள்ளியின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர், கோளாறு உட்செவியில்தான் உள்ளது என 1861இல் எடுத்துரைத்தார். இன்று அந்நோய் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

உட்செவி நீர்மம் மிகுவது இந்நோயுடன் தொடர்புடையது. ஆதலின் உணவில் உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறுவர். இரைச்சல் இரவின் அமைதியில் பெரிதாகத் தோன்றும். மின்விசிறியின் மெல்லொலியும் அதனை ஓரளவு மறைக்கும். எண்ணெய் ஊற்றுவதும் குச்சியால் குடைவதும் உட்செவியை எட்டா. ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால், அழுக்கு என்றெண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். நாள் கடந்தால் இழந்த கேள்வி மீள்வது அரிது.