ஒரே குத்தென்றால் கொலையாகாதா?

நம்பிக்கை: கொல்லவேண்டுமென்ற எண்ணமின்றி ஒரே குத்தோடு நிறுத்தியவன்மீது கொலைக்குற்றம் நிற்காது, அப்பீலில் எப்படியும் குறைந்துவிடும்.

கோர்ட்டு வாசலில் ஆறுதலாகச் சொல்லப்படும் இவ்வார்த்தையை நம்பி, இருக்கும் காணியையும் விற்று மேல்முறையீடு செய்யும் ஏழைக் குடும்பங்களின் பொருட்டாவது, இதன் மெய்ம்மையை விசாரித்தாக வேண்டும்.

உண்மை: 1958-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த விர்சா சிங் என்ற பஞ்சாப் வழக்கில் நடந்தது ஒரே குத்துத்தான். ஈட்டி அடிவயிற்றில் பாய்ந்து, குடலின் மூன்று சுருள்கள் வெளியே வர, குத்துண்டவர் ஏறக்குறைய 21 மணி நேரம் உயிரோடிருந்து மறுநாள் மாலை இறந்தார். கொல்லும் எண்ணம் இருந்ததாகச் செஷன்ஸ் நீதிபதியே கருதவில்லை. ஆயினும் விதிக்கப்பட்டது கொலைக்குரிய தண்டனையே. அதனை உறுதிசெய்த நீதிபதி விவியன் போஸ், உடலில் காணப்படும் அந்தக் காயத்தையே விளைவிக்க எண்ணினானா, அன்றி அது தற்செயலாய் நேர்ந்ததா என்பது மாத்திரமே இங்கே மனத்தைப் பற்றிய கேள்வியென்றும், அக்காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதா என்பது, குத்தியவன் அதனை அறிந்திருந்தானா என்று பாராமல், காயத்தின் தன்மையைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதென்றும் விளக்கினார். எதிராளி சட்டென்று திரும்பியதால் குறி தவறிப் பட்டதென்பது சாட்சியத்தில் வெளிப்படும்போது ஒரே குத்து வழக்குகள் சிலவற்றில் குற்றம் குறைவதும் இந்த நியாயம் பற்றியே, எண்ணிக்கை பற்றியன்று.

நம்பிக்கை: கையிலும் காலிலும் அடித்தால் அது கொலையாகாது.

உண்மை: ஆந்திரத்துக் குண்டூர் மாவட்டத்தில் ஒருவரைத் தடித்த கழிகளால் கைகால்களிலேயே அடித்து 19 காயங்களை உண்டாக்கியவர்களுக்கு, உயிர்நிலைகளில் அடிபடவில்லை என்ற காரணத்தால் உயர்நீதிமன்றம் குற்றத்தைக் குறைத்தது. 1976-இல் உச்ச நீதிமன்றமோ, எலும்புகள் பல முறிந்த அக்காயங்கள் ஒன்றுசேர்ந்து மரணத்துக்குப் போதுமானவை என்று கண்டு, கொலைத் தீர்ப்பையே மீண்டும் நிலைநிறுத்தியது. செயலால் மரணம் நேர்ந்ததா, அது குற்றமுறு மரணமா, கொலையின் நான்கு உட்பிரிவுகளில் ஒன்றில் அடங்குமா, அடங்கினால் விதிவிலக்கு ஏதேனும் பொருந்துமா என்று படிப்படியாய்ச் செல்லும் விசாரணை முறையை நீதிபதி சர்க்காரியா வகுத்தளித்ததும் இவ்வழக்கில்தான்.

ஆத்திரத்தில் செய்தது கொலையன்று என்பாரும் உளர். ஆனால் அவ்வாறு குறைவதற்கு, சினம் கடுமையாகவும் திடீரென்றும் மூண்டு, தன்னடக்கத்தை இழந்த நிலையிலேயே கை ஓங்கியிருக்க வேண்டும். மனைவியின் வாக்குமூலத்தைக் கேட்டபின் அவளையும் குழந்தைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கியைப் பெற்று வந்து ஒருவரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதிக்கு, மனம் தெளியப் போதிய அவகாசம் இருந்ததென்று 1961-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கொலையாகாத குற்றமுறு மரணம் என்று குறைந்துவிட்டால் விடுதலைக்கு ஒப்பானதென்று எண்ணுவதும் பிழை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, மரணம் விளையக்கூடுமென்ற அறிவோடு மட்டும் செய்தவனுக்கு 10 ஆண்டுவரை சிறை. எண்ணத்தோடு செய்தவனுக்கோ, அக்குற்றம் கொலையன்று என்று தீர்ந்தபின்னும், ஆயுள் தண்டனையே விதிக்கப்படலாம்.