கம்ப்யூட்டர் தவணையும் சிபில் ஸ்கோரும்

புதிய கம்ப்யூட்டரை மாதத் தவணையில் வாங்கியிருக்கிறீர்களா? தவணை கொடுத்தது வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமோ என்றால், உங்கள் கடன் வரலாற்றின் முதல் வரி எழுதப்பட்டுவிட்டது. கடைக்காரர் தன் நோட்டில் எழுதிக் கொடுத்த தவணை என்றால் எதுவும் எழுதப்படவில்லை.

சேலம், நாமக்கல் பக்கம் இந்த வித்தியாசம் மிக முக்கியம். குமாரபாளையத்தில் நான்கு தறி ஓட்டுபவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், நாமக்கல்லில் ஒற்றை லாரிக்காரர் ஆகியோரில் பலர் தனியார் வட்டிக்கும் ஊர்ச் சீட்டுக்கும் இருபது வருடம் நாள் தவறாமல் கட்டியிருப்பார்கள். ஊரில் நல்ல பெயர் இருக்கும். ஆனால் வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால், மேனேஜரின் திரையில் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 1 அல்லது என்.எச். என்று வரும். வரலாறு இல்லை என்பதே இதன் பொருள். கெட்ட பெயர் என்று அர்த்தம் இல்லை.

சிபில் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மேலும் மூன்று நிறுவனங்கள் உண்டு. ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக நல்லது என்று எடுத்துக் கொள்கின்றன.

முதலில் உங்கள் நிலை என்ன என்று பார்த்துவிடுங்கள். பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் சிபில் டாட் காம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இலவச ஸ்கோருக்கான பட்டனைக் கிளிக் செய்து பெயர், பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். பெயரைப் பான் கார்டில் உள்ளபடியே டைப் செய்யவும். மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யை இட்டால் கணக்கு திறக்கும். இடையில் பணம் கட்டும் திட்டங்களைக் காட்டினால் வேண்டாம் என்று தாண்டிச் செல்லுங்கள். இந்த நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளில் கடன் கேட்டு, அவர்கள் பார்த்தால்தான் குறையும். பிரவுசிங் சென்டரில் பார்த்தீர்கள் என்றால், டவுன்லோட் செய்த ஃபைலை அழித்துவிட்டு லாக் அவுட் செய்யுங்கள். அதில் உங்கள் ஜாதகமே இருக்கிறது.

சரி, வரலாறு இல்லாதவர் எங்கே தொடங்குவது? என் கணிப்பில் சிறந்த வழி, வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குவது. டெபாசிட்டே ஈடு என்பதால் ஸ்கோர் இல்லாதவருக்கும் கொடுப்பார்கள். 20,000 ரூபாய் டெபாசிட் போட்டால் அதில் பெரும்பகுதியை லிமிட்டாகத் தருவார்கள். லிமிட் 16,000 என்றால் மாதம் 4,000, 5,000 ரூபாய்க்கு மேல் தேய்க்காதீர்கள். மின் கட்டணம், இன்டர்நெட் பில் போதும். பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். மினிமம் டியூ என்று சிறு தொகையைக் காட்டுவார்கள். அதை மட்டும் கட்டினால் தாமதப் பதிவு வராது. ஆனால் மீதிக்கு ஏறும் வட்டி, தனியார் வட்டியைத் தோற்கடித்துவிடும்.

வங்கி நகைக் கடனும் கணக்கில் வரும். அடகுக் கடையில் வைத்தது வராது. ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் தெரியும். மச்சான் கட்டாவிட்டால் உங்கள் ஸ்கோர் இறங்கும்!

கம்ப்யூட்டர் தவணைக்கு வருவோம். தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே வங்கிக் கணக்கில் பணம் இருக்கட்டும். அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. 000 என்றால் பாக்கி இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். இந்தக் கட்டங்கள் 36 மாதம் வரை தெரியும். 2025 ஜனவரியில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, தவறும் நல்லதும் முன்பைவிட வேகமாகப் பதிவாகின்றன.

வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதல் முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி மாதத் தொகுப்பு ஆணையில் அறிவுறுத்தியுள்ளது. மேனேஜர் மறுத்தால், வருமானக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைக் காட்டி இதை நினைவூட்டலாம்.

பணம் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்று போன் செய்பவர்களிடம் பான் எண்ணையோ ஓ.டி.பி.யையோ சொல்லாதீர்கள். வங்கி அனுப்பிய பதிவை அவர்களால் மாற்ற முடியாது. நீங்கள் வாங்காத கடன் அறிக்கையில் இருந்தால், அதே தளத்தில் டிஸ்ப்யூட் பகுதிக்குச் சென்று அந்தக் கணக்கைக் கிளிக் செய்து புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக் கொள்ளவும்.