எழுதும் முன் கேளுங்கள்: இணையதளத்துக்காக வாசகர்களைப் பேட்டி எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மைசூரு பற்றி இணையதளம் தொடங்குகிறவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவன், தசரா என்று வரிசையாக எழுதிவிடுகிறார்கள். அதெல்லாம் ஏற்கெனவே நூறு தளங்களில் கிடக்கிறது. ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ குடும்பத்தோடு காரில் வருகிறவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். மைசூருவில் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர், தமிழ்நாட்டுப் பயணிகளுக்காகத் தமிழில் தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எதற்காகக் கேட்கிறீர்கள்?

பேட்டி முடிந்ததும் நீங்கள் எடுக்கப்போகும் முடிவை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "முதலில் எந்த ஐந்து பக்கங்களை எழுதுவது?" என்பது நல்ல வரி. "வாசகர்களைப் புரிந்துகொள்வது" என்று எழுதினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும்.

படி 2: யாரிடம் பேசுவது?

சொந்தக்காரர்களும் நண்பர்களும் வேண்டாம்; உங்கள் மனம் கோணாமல்தான் பேசுவார்கள். மூன்று வகை ஆட்களைத் தேடுங்கள்: சமீபத்தில் மைசூருவுக்கு வந்துபோனவர்கள், அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள், வர நினைத்துக் கடைசியில் வேறு ஊருக்குப் போனவர்கள். வகைக்கு இரண்டு மூன்று பேர் போதும். சொன்னதே திரும்ப வரத் தொடங்கினால் நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் ரூம் போடுகிறவர் யாரோ அவரிடமே பேசுங்கள். அரண்மனை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரை மட்டும் பிடித்து நிறுத்தாதீர்கள்.

படி 3: கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

"வழித்தட வரைபடம் போட்டால் பயன்படுமா?" என்று கேட்டால் எல்லோரும் "போடுங்க, நல்லா இருக்கும்" என்பார்கள். அது வெறும் மரியாதை. ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் 2013இல் எழுதிய 'தி மாம் டெஸ்ட்' புத்தகம் சொல்வதும் இதைத்தான்: என் யோசனை எப்படி என்று கேட்டால் அம்மாகூடப் பொய்தான் சொல்வார். அதனால் போன பயணத்தைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"போன தடவை மைசூருக்கு எந்த வழியா வந்தீங்கக்கா?"

"ஊட்டி வழியாத்தான்."

"ஊட்டியில எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"ஏழு, ஏழரை இருக்கும்பா. செக்போஸ்ட்டுக்கு வந்தா கேட்டைப் பூட்டிட்டாங்க."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"கூடலூருக்கே திரும்பிப் போய் ரூம் தேடி அலைஞ்சோம். பிள்ளைங்க தூங்கிட்டாங்க."

பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. உங்கள் தளத்தின் முதல் பக்கம் எதுவென்று அந்த அக்கா சொல்லிவிட்டார். வரைபடத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

படி 4: வாயை மூடிக் காதைத் திறங்கள்

அரை மணி நேரம் போதும். ஏழெட்டுக் கேள்விகளுக்கு மேல் வேண்டாம். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் அவரே தொடர்வார். "அப்புறம்?", "அது எப்படி?" என்ற இரண்டும்தான் உங்கள் முக்கியக் கருவிகள். உங்கள் ஹோம்ஸ்டேயின் அருமை பெருமையை அங்கே விற்க வேண்டாம்.

படி 5: குறிப்பெடுப்பதும் காப்பதும்

போனில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். எதற்காக என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "கேட்டைப் பூட்டிட்டாங்க" என்பது "போக்குவரத்துச் சிக்கல்" ஆகிவிடக் கூடாது.

குறிப்புகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மைசூருவில் பிறந்த சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி, மக்களோடு பழகிக் குறிப்புகள் சேர்த்தார். பிறகு தொகுத்து வைத்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் எழுதிய 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' 1976இல் வெளிவந்தது. அந்த நினைவாற்றல் எல்லோருக்கும் வாய்க்காது. அன்றைக்கே ஒரு பிரதியை வேறிடத்தில் சேமித்துவிடுங்கள்.

படி 6: பேச்சைப் பக்கமாக்குவது

ஒரு துண்டுச் சீட்டில் ஒரு செய்தி என எழுதி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வையுங்கள். எந்தக் குவியல் பெரிதோ அது முதல் பக்கம். வாசகர் பேசிய மொழியே தலைப்பாகட்டும்:

- "ஊட்டியிலிருந்து எத்தனை மணிக்குள் கிளம்பினால் கேட் திறந்திருக்கும்?"
- "செவ்வாய்க்கிழமை வருகிறீர்களா? மிருகக்காட்சி சாலைக்கு அன்று விடுமுறை"
- "அரண்மனை விளக்கலங்காரம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தங்க வேண்டுமா?"

நேரங்களும் விதிகளும் மாறக்கூடியவை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடுங்கள். யாருமே பேச்செடுக்காத விஷயத்துக்குப் பக்கம் வேண்டாம், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் சரி.

இதற்குப் பெரிய செலவில்லை: ஒரு நோட்டு, ஒரு போன், பொறுமை. இந்த வாரமே முதல் ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதுவரை முகப்புப் பக்கத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.