சென்னை மாநகரில் பாலாற்று நாடு

விடுமுறை நாட்களில் மாணவர் பலர் ஒருங்கு கூடிச் சென்னை மாநகர்க்குச் செல்லுதல் வழக்கம். காலையிற் புகைவண்டியேறிக் கோட்டை, கடற்கரை, பொருட்காட்சிச்சாலை ஆகியவற்றை ஓட்டமும் நடையுமாகப் பார்த்து இரவில் மீளுவர். மறுநாள் "யாது கண்டீர்?" என்று வினவின், "பெரிய கட்டடங்கள் கண்டோம், பழைய சிலைகள் கண்டோம்" என்பதன்றி வேறு விடை பெறுதல் அரிது. பொருளுஞ் செலவாயிற்று, கால்களும் நொந்தன, அறிவு மட்டும் இருந்தவிடத்தே இருந்தது. இதற்குக் காரணம், கண்ட பொருள்கட்கும் தமக்கும் தொடர்பில்லையென்று அவர் எண்ணியதே. உண்மை அதற்கு மாறானது. சென்னையின் புகழ்பெற்ற இடங்கள் பல வேலூர், ஆர்க்காடு, ஆம்பூர் முதலிய நம் ஊர்களின் வரலாற்றோடு பிணைந்துள்ளன. அவ்வரலாற்றை ஈண்டே கற்றுச் செல்வார்க்கே ஆண்டுக் காண்பன பொருள் தரும். இதனைச் சில சான்றுகளால் விளக்குவாம்.

புகைவண்டி வழி

நம் கல்வி வண்டியில் ஏறியவுடனே தொடங்குதல் வேண்டும். தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பயணிகள் புகைவண்டி ஓடியது 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். அது சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு நிலையத்தை அடைந்தது. காட்பாடியிலிருந்து செல்லும் நாம் வாலாஜா ரோட்டையும் அரக்கோணத்தையும் கடந்து செல்கின்றோம். அந்நாளில் வண்டி வந்துநின்ற எல்லை நம் வாயிலேயாகும். இராயபுரத்துப் பழைய நிலையக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. காலமுடையார் அதனையுங் கண்டு வருக.

கோட்டை

புனித ஜார்ஜ் கோட்டை 1640ஆம் ஆண்டு உருக்கொண்டது. அதனுள் 1680இல் திறக்கப்பெற்ற புனித மரியாள் ஆலயம் உளது. 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து, முற்றுகையைத் தாங்கிப் பெயர்பெற்ற இராபர்ட் கிளைவு, 1753இல் இவ்வாலயத்தில் மணம் புரிந்தான். எழுத்தராக வந்தவனைப் படைத்தலைவனாக உயர்த்தியது நம் ஆர்க்காட்டுப் போர்.

வேலூர் மாணவர் இக்கோட்டையில் நின்று எண்ணத்தக்க செய்தி மற்றொன்றுண்டு. 1805ஆம் ஆண்டு இறுதியில் சென்னைப் படைக்குப் புதிய ஆணைகள் பிறந்தன. சிப்பாய்கள் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது. தாடியை மழிக்க வேண்டும். தோற்குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். தம் சமயத்துக்கே ஊறு நேர்ந்ததென்று இந்துக்களும் முகம்மதியரும் ஒருங்கே அஞ்சினர். விளைவு, 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சி. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தபின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். வேலூரில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடக்கும் பதவியினின்று திரும்ப அழைக்கப்பட்டனர். ஆணை பிறந்த இடம் ஒன்று. குருதி சிந்திய இடம் வேறொன்று. நம் கோட்டையின் அகழியையும் மதிலையும் கண்டறியாதான் சென்னைக் கோட்டையைக் கண்டதனாற் பெறும் பயன் சிறிதே.

சேப்பாக்கம் அரண்மனை

1749ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூரில் நிகழ்ந்த போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வாருத்தீன் வீழ்ந்தார். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படைத்துணையோடு அவரை எதிர்த்தனர். அவர் மகனார் முகம்மதலி வாலாஜா ஆங்கிலேயர் துணையால் நவாபாகிப் பின்னர்ச் சென்னையிற் குடிபுகுந்து, 1768இல் சேப்பாக்கம் அரண்மனையை எழுப்பினார். அத்துணை நம்பிய கும்பினியாரிடமே அவர் கடனும் படைச்செலவுமாகக் கட்டுண்டார். கடற்காற்று வீசும் அக்குவிமாடங்களைக் காணும் ஆம்பூர் மாணவன், தன் ஊர்ப்புறத்துப் போர்க்களமே அவ்வரண்மனைக்கு அடிக்கல் என்று உணர்தல் வேண்டும்.

பொருட்காட்சிச்சாலை

எழும்பூர்ப் பொருட்காட்சிச்சாலை 1851இல் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிற்று. 1854இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறிற்று. சென்னை மக்கள் இதனைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகள் உயிரோடிருந்த காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். நகைப்புக்குரியதாயினும் இப்பெயரில் ஓர் உண்மையுண்டு. தன் ஊரை விட்டுப் பெயர்ந்த பொருள், பார்ப்பவன் அறிவினாலன்றி உயிர்பெறாது.

அமராவதிச் சிற்பங்களை நோக்குக. கிருஷ்ணையாற்றங்கரையில் நின்ற பௌத்தத் தூபியின் கற்கள் அவை. வால்டர் எலியட்டு 1845இல் அகழ்ந்தெடுத்தவற்றுள் ஒரு பகுதி கடல் கடந்து இலண்டன் சென்றது. ஏனைய இங்கே சிலவும் பிறவிடங்களிற் சிலவுமாகச் சிதறின. ஒரே தூபி பல ஊர்களிற் பிரிந்து கிடக்கின்றது.

செப்புத் திருமேனிகளுள் திருவாலங்காட்டு நடராசர் நம் கண்ணைக் கவர்வார். பிரெஞ்சுச் சிற்பியாகிய ரோடின் 1913இல் இத்திருமேனியின் நிழற்படங்களைக் கண்டு வியந்து கட்டுரை வரைந்தார். அத்திருவாலங்காடு அரக்கோணத்தை அடுத்துள்ளது. முன்னர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாம் செல்லும் புகைவண்டி அவ்வூர் நிலையத்தைக் கடந்தே செல்கின்றது! இராசேந்திர சோழனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இச்சாலையிலேயே பாதுகாக்கப்படுகின்றன. பாரிசிலிருந்த சிற்பி படத்தைக் கண்டு வியந்ததனை, அண்டை ஊரார் ஆகிய நாம் அரை நிமிடத்திற் கடந்து போதல் தகுமோ?

தோலும் நீரும்

சென்டிரல் நிலையத்தை அடுத்த பெரியமேடு தோல் வணிகர்க்குரிய இடம். ஆவாரம்பட்டையும் கடுக்காயுங் கொண்டு நம்மூரிற் பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சீமைக்குச் சென்றன. அதற்கு அணித்தேயுள்ள கலைக்கல்லூரி 1850இல் ஓவிய சிற்பப் பள்ளியாகத் தொடங்கியது. அப்பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரடு சாட்டர்டன் 1903 முதலாகக் குரோம் முறையில் தோல் பதனிடுதலை ஆராய்ந்தார். பட்டை முறையினும் விரைவில் முடிவது இது. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிலின் வரலாற்றிற் பெரும்பகுதி சென்னையில் எழுதப்பட்டதே.

இத்தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. பாலாற்றுக்கு உப்புங் கழிவும் இட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. தோல் தொழில் நிகழும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஒரு பகுதியோ பயிருக்குதவாதாயிற்று என்னும் கணக்கு அத்தீர்ப்பிற் காணப்படுகின்றது. மாசு செய்தவரே அதனைத் தீர்க்குஞ் செலவையும் ஏற்றல் வேண்டும் என்று நீதிபதிகள் வரையறுத்தனர். இவ்வழக்குகளைக் கவனிக்கத் தனி அமர்வு ஒன்றை அமைக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டனர். 1892இல் எழுந்த அச்செந்நிற மாளிகையின் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கும்போது, நம் கிணற்று நீரின் வழக்கும் அவற்றின்கீழ் நிகழ்ந்ததென்று நினைக்க. இன்று சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடைபெறுகின்றது. 2025ஆம் ஆண்டு ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டுந் தீர்ப்பளித்தது. ஆதலின் இவ்வரலாறு இன்னும் முடிந்திலது.

செய்யத்தக்கன

முதலாவது, சென்னைக்குச் செல்லுமுன் வேலூர்க் கோட்டையையும் அதனுள் அமைந்த அரசு பொருட்காட்சிச்சாலையையும் கண்டு வருக.

இரண்டாவது, ஒரு நாளில் ஈரிடத்துக்கு மேல் முயலற்க. எழும்பூர்ச் சாலைக்கும் கோட்டைப் பொருட்காட்சிக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறையாதலின் நாளறிந்து புறப்படுக.

மூன்றாவது, ஒவ்வொருவரும் ஒரு பொருளையேனும் தேர்ந்து அதன்முன் கால்மணி நேரம் நிற்க. எவ்வூரது, எதனாற் செய்யப்பட்டது, யார்க்குப் பயன்பட்டது, இங்கு வந்தது எங்ஙனம் என்னும் நான்கு வினாக்கட்கும் விடையெழுதி, இயன்றவாறு படமும் வரைக.

நான்காவது, மீண்டபின் அக்குறிப்பை மாணவர் மன்றத்திற் படித்துக்காட்டுக. நூறு மாணவர் செல்வராயின் நூறு பொருள்களின் வரலாறு நம் கலாசாலைக்கு வந்துசேரும். அவற்றுள் நம் பாலாற்று நாட்டின் பொருள்கள் எத்துணை என்று எண்ணிப் பார்த்தல் அடுத்த ஆண்டு செல்வார்க்கு நல்ல வழிகாட்டியாகும்.