வன்மைக்குத் துணை மென்மை

ஜெஞ்சாரோம் வட்டாரச் சாலைகளில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஆலைகளுக்குச் செல்வதைக் காணலாம். அவற்றின் டீசல் இயந்திரங்களில் இருவேறு இயல்புடைய உலோகங்கள் இணைந்து உழைக்கின்றன. ஒன்று வார்ப்பிரும்பு, மற்றொன்று தாங்கி உலோகக் கலவை.

இயந்திரத்தின் உடற்பகுதி பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. இவ்விரும்பில் ஏறக்குறைய 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் கலந்துள்ளது. இதை உருக்கி அச்சில் ஊற்றிச் சிக்கலான வடிவங்களையும் பெறலாம். வார்ப்பிரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும்; அதிர்வைத் தணிக்கும். ஆயினும், அது எளிதில் வளைந்து கொடுக்காது. பலத்த அடி விழுந்தால் விரிசல் காணும்.

இயந்திரத்தினுள் உறுதியான சுழல்தண்டு ஒன்று நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேலும் சுழல்கிறது. அது வார்ப்பிரும்பின் மீது நேரடியாகச் சுழன்றால் என்ன நேரும்? மசகெண்ணெய் குறையும்போது இரண்டும் ஒன்றையொன்று கீறும். வெப்பமேறி இறுகிப் பற்றிக்கொள்ளும். இதைத் தவிர்க்கவே இடையில் தாங்கிகள் பொருத்தப்படுகின்றன.

அமெரிக்கரான ஐசக் பாபிட், மென்மையான உலோகத்தை உட்பூச்சாகக் கொண்ட தாங்கிக்கு 1839ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வெள்ளீயத்துடன் சிறிதளவு ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த கலவை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. எண்ணெயோடு வரும் நுண்துகள்கள் இம்மென்மையான பரப்பில் புதைந்துவிடுவதால் தண்டில் கீறல் விழுவதில்லை. வார்ப்பிரும்பு உருக ஏறக்குறைய 1,150 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. இக்கலவையோ 240 பாகையளவிலேயே உருகத் தொடங்கும். எனவே, எண்ணெய் வற்றினால் தாங்கி முதலில் அழிந்து, விலை உயர்ந்த தண்டைக் காக்க முயல்கிறது.

மென்மை மட்டும் பெருஞ்சுமையைத் தாங்காது. ஆதலால், இன்றைய லாரிகளில் எஃகுத் தகட்டின் மீது செம்புக் கலவையோ அலுமினியம்-வெள்ளீயக் கலவையோ மெல்லிய படலமாகப் படிய வைக்கப்படுகிறது.

வெள்ளீயம் நமக்குப் புதிதன்று. 1857ஆம் ஆண்டில் அதைத் தேடி அம்பாங் பகுதிக்குச் சென்றவர்களால் உருவான குடியிருப்பே பின்னாளில் கோலாலம்பூராக வளர்ந்தது.

வன்மையான உலோகமே சிறந்தது என்று எண்ணுவது பொருந்தாது. ஒரு பொருளின் தகுதியை அது ஆற்ற வேண்டிய பணியே முடிவு செய்கிறது. மசகெண்ணெயின் அளவைத் தவறாமல் சரிபார்க்கும் ஓட்டுநர், கண்ணுக்குத் தெரியாத அம்மெல்லிய படலத்தையும் அதன்வழி முழு இயந்திரத்தையும் காக்கிறார்.