கலத்தில் வளர் மீனூனும் கொல்லாமையும்

அமெரிக்க நாட்டு வைல்டுடைப் நிறுவனத்தார் சால்மன் மீனின் உயிரணுக்களை ஊட்டநீர் நிறைந்த கலங்களிற் பெருக்கி ஊனாக்குகின்றனர். 2025-ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு மருந்து ஆட்சித்துறை அதன் உணவுக்காப்புப் பற்றி மேலும் வினாவில்லை எனத் தெரிவித்தது. அவ்வாண்டே போர்ட்லாந்து நகர உணவகமொன்றில் அது பரிமாறப்பட்டது.

இதனை உண்பார்க்குக் கொலைப்பாவம் உண்டோ எனின், கூறுதும். வலைப்பட்ட மீன் மூச்சற்றுத் துடித்து இறக்கும். உடன் அகப்பட்ட பிறவுயிர்களும் மடியும். கலத்தில் வளர்வதோ கண்ணும் செவியும் மனமும் இன்றி, இன்ப துன்பம் நுகர்தற்குரிய கருவிகள் அமையாத தசை. ஆகலின் கொலை பெரிதும் ஒழிந்தது என்க.

அற்றேல், நோன்புடையார்க்கும் அஃது ஆகுமோ எனின், ஆகாது. திருவள்ளுவனார் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் வேறு வேறு அதிகாரங்களாக வைத்தார். கொலை நீங்கினும் ஊன்வேட்கை நீங்கிற்றிலது. எனவே, மீனுண்பார்க்கு இது தீமை குறைக்கும் வழி. நோன்புடையார்க்கு மறுக்கற்பாலதே என்பது துணிபு.