நுழைவாயில்: ஒரு நெறிமுறையிலிருந்து இன்னொரு நெறிமுறைக்கு

மாணவர்களே, வலையமைப்பு அலகில் ஆளி, வழிப்படுத்தி ஆகியவற்றைப் பிசகாமல் எழுதும் நீங்கள், நுழைவாயில் (கேட்வே) என்றதும் "இரண்டு வலையமைப்புகளை இணைப்பது" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். வழிப்படுத்தியும் அதையே செய்கிறதல்லவா? வெவ்வேறு நெறிமுறைகளைப் பயன்படுத்தும் வலையமைப்புகளுக்கிடையே தரவை மாற்றிக் கொடுப்பதே நுழைவாயில். "நெறிமுறை" என்ற சொல் வராத விடைக்கு முழுப்புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்.

சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர். தமிழ் மட்டும் தெரிந்த விவசாயி ஒருவர். நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் உரமானிய அலுவல் நடக்கும். நுழைவாயில் அந்த மொழிபெயர்ப்பாளர்.

இனி உடனடிச் செய்திச் சேவைகளை நோக்குவோம். ஐ.சீ.கியூ 1996இலும், ஏ.ஓ.எல். செய்தியாளர் 1997இலும், யாகூவின் சேவை 1998இலும், எம்.எஸ்.என். செய்தியாளர் 1999இலும் வந்தன. ஒவ்வொன்றும் தன் நிறுவனத்தின் நெறிமுறையையே பேசியது. கட்டாரிலுள்ள வாப்பா யாகூவிலும், கொழும்பில் படிக்கும் காக்கா எம்.எஸ்.என்.இலும் இருந்தால், நெற் கபேயில் இரண்டு சாளரங்களைத் திறக்க வேண்டியிருந்தது. 1999இல் மைக்ரோசொப்ட் தன் மென்பொருளை ஏ.ஓ.எல். பயனர்களுடன் பேச வைத்தது, ஏ.ஓ.எல். அதைத் தடுத்தது. சில மாதங்கள் இந்த இழுபறி நீடித்தது. யாகூவும் எம்.எஸ்.என்.உம் தம்முள் செய்தி பரிமாறத் தொடங்கியதோ 2006இல்தான்.

அதே 1999இல் ஜெரமி மில்லர் என்பவர் ஜபர் என்னும் திறந்த முறையை அறிவித்தார். 2004இல் எக்ஸ்.எம்.பீ.பீ. என்ற பெயரில் அது இணைய நியமமாக வெளியாயிற்று. 2005இல் வந்த கூகிள் டோக் இதையே பயன்படுத்தியது. ஜபர் சேவையகத்துடன் ஒரு நுழைவாயிலை இணைக்கலாம். நீங்கள் உங்கள் ஐ.சீ.கியூ எண்ணையும் கடவுச்சொல்லையும் அதில் பதிந்தால், அது உங்கள் பெயரில் ஐ.சீ.கியூவுக்குள் நுழையும். நீங்கள் அனுப்பும் எக்ஸ்.எம்.எல். வடிவச் செய்தியைப் பிரித்து, பெறுநரையும் வாசகத்தையும் எடுத்து, ஐ.சீ.கியூவின் இரும வடிவில் பொதி செய்து அனுப்பும். பதில் வரும்போது இதுவே எதிர்த்திசையில் நடக்கும்.

எல்லாம் முழுமையாக மாறிவிடாது. ஐ.சீ.கியூவில் "வேலையாக உள்ளேன்", "தொந்தரவு செய்யாதீர்" என இரு நிலைகள் இருந்தன. எக்ஸ்.எம்.பீ.பீ.யில் இரண்டாவதற்கே நேரான நிலை உண்டு; ஆகவே இரண்டையும் ஒன்றில் அடக்க நேரும். குறுஞ்செய்தியிலோ ஒருவர் இணைப்பில் உள்ளாரா என்பதைக் காட்டவே வழியில்லை.

தமிழ் எழுத்தில் இழப்பு இன்னும் கூடுதல். எக்ஸ்.எம்.பீ.பீ. யூ.டீ.எவ்.-8 குறிமுறையைப் பயன்படுத்துகிறது. அதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைற்று. மறுபக்க மென்பொருள் யுனிகோட் அறியாததாயின் வாப்பாவின் திரையில் தெரிவது கேள்விக்குறி வரிசையே. பாமினி எழுத்துருவில் அடித்த செய்தி ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அது நுழைவாயிலின் குற்றமன்று. அது நெறிமுறையை மாற்றுமே தவிர எழுத்துருவை மாற்றாது.

குறுஞ்செய்தி நுழைவாயிலில் அளவும் இடிக்கும். ஒரு செய்தி 140 பைற்று. ஆங்கிலமாயின் 160 எழுத்து; தமிழாயின் 70 குறியீடு மாத்திரமே. "அட்டாளைச்சேனை" என்பதில் நம் கணக்கில் 7 எழுத்து. ஆனால் புள்ளியும் கால், கொம்பு போன்ற குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாதலால் 13 இடம் போய்விடும்.

பாதுகாப்பு பற்றியும் வினா வரலாம். மொழிபெயர்ப்பவர் கடிதத்தை வாசிக்காமல் மொழிபெயர்க்க முடியுமா? நுழைவாயிலும் செய்தியைத் திறந்தே ஆக வேண்டும். உங்கள் கடவுச்சொல்லும் அதனிடம் இருக்கும். வட்ஸ்அப் 2016இல் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை முழுமையாக்கியதால் இடையிலுள்ள எவரும் வாசிக்க முடியாது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 மார்ச் முதல் வட்ஸ்அப்பைப் பிற செயலிகளுக்கு வழிவிடப் பணித்தபோது, பழைய பாணி நுழைவாயில் அதற்குப் பொருந்தவில்லை.

ஏ.ஓ.எல். செய்தியாளர் 2017இலும், யாகூ செய்தியாளர் 2018இலும், ஐ.சீ.கியூ 2024இலும் மூடப்பட்டன. விடையில் இவற்றை இன்றும் இயங்குவனவாக எழுத வேண்டாம்.

பயிற்சி: "அக்கரைப்பற்று" என்பதில் எத்தனை எழுத்து? குறுஞ்செய்தியில் அது எத்தனை இடம் பிடிக்கும்? (விடை: 8 எழுத்து, 13 இடம். "ரை" என்பதை இரண்டாக எண்ணினீர்களா என்று சரிபார்க்கவும்.)